முதலாளி போட்ட டீ கப்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது துணி ரோல் மேல் நம்பரும் சைஸும்தான். செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணி, இந்த நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து நம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சின்னக் கிறுக்கல் பெரிய கிறுக்கலாகும், அவ்வளவுதான். எழுத்துப் பிழையும் இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இடுப்பு வலி தாங்காமல் போன வருடம் நான் வேலையை விட்டேன். எனக்குப் பிறகு வந்திருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும், லைனைப் பார்த்துக்கொள்ளும் புது சூப்பர்வைசர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் தங்கமணியிடம், “காலையில் வருகிற குட்மார்னிங் படத்தை எல்லாரும் ஏன் பரீட்சை ரிசல்ட் மாதிரிப் பார்க்கிறார்கள்?” என்று கேட்டாராம். அவள், “அதைப் பழைய மாஸ்டரைக் கேளுங்க” என்று கையைக் காட்டிவிட்டாள். நேரில் வந்து கேட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். நான் கூச்சக்காரன். துணியோடு பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். துணி பதில் பேசாது.

குரூப் தொடங்கியது முதலாளிதான். வேலை விஷயம் எல்லாம் இனி போனிலேயே நடக்க வேண்டும் என்று சொல்லி, தையல்காரர்கள், செக்கிங், நான், சுனில், அவர், கூடவே ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸ் மேடம் என எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிட்டார். சுனில் பீகார்க்காரர், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவர், கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ரூமில் தங்கியிருப்பவர். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் இருபது பேர் படிக்கும்படி எழுதப் பயம். எழுத வராதவர்கள் மைக்கை அழுத்திப் பேசலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் வாரமே அதற்கு ஒரு முடிவு வந்தது. ஒருநாள் காலையில் வீட்டில் போனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைக்கை எங்கேயோ அழுத்தியிருக்கிறேன். எப்படி அனுப்பினேன் என்பது இன்றுவரை தெரியாது. கம்பெனிக்குப் போனால் லைன் முழுக்கச் சிரிப்பு. மூன்று நிமிடப் பதிவு. இரண்டு நிமிடம் நான் பீரோவைத் திறந்து மூடும் சத்தம். கடைசியில் என் மனைவியின் குரல்: “ஏனுங்க, நாப்பத்தஞ்சு வயசாகுது, உங்க ஜட்டி எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? ஊருக்கெல்லாம் ஜட்டி வெட்டிக் குடுக்கறீங்க!”

தமிழ் தெரியாத சுனிலும் சிரித்தார். பையிங் ஆபீஸ் மேடம் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பியிருந்தார். அன்றோடு நான் மைக் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியும், நம் கம்பெனியில் தையலுக்குப் பீஸ் ரேட். தைத்தால் கூலி. சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி வரவில்லை என்றால் தைக்க ஒன்றும் இருக்காது. வந்தவர்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டியதுதான். துணி நாளைக்கு வருமா வராதா என்பது முந்தின நாள் சாயங்காலமே கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓவர்லாக் டெய்லர் பூங்கொடி ஒருநாள் நேராக என் டேபிளுக்கு வந்தார்.

“மாஸ்டரண்ணா, இன்னைக்குத் துணி இல்லைன்னு உங்களுக்கு நேத்தே தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க.”

“அப்புறம் ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை? இந்த ஃபேன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிட்டுப் போறதுக்கா நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்?”

அடுத்த முறை தைரியத்தை வரவழைத்து, குரூப்பில் “இன்று துணி இல்லை” என்று தட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் முதலாளி வந்தார்.

“ஏனுங் மாஸ்டரு, நம்ம மானத்தைக் கொண்டுபோய்க் குரூப்புல காயப் போட்டிருக்கறீங்க? அந்த மேடம் போன் பண்ணி, துணியே வரலையா, அப்ப டெலிவரி எப்படிக் குடுப்பீங்கன்னு கேக்குது. இனிமே துணி இல்லைங்கற பேச்சே குரூப்புல வரக்கூடாதுங்க.”

முதலாளியும் மேடமும் இல்லாமல் தனியாக ஒரு குரூப் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தோம். இரண்டாம் நாள் முதலாளி லைனுக்கு வந்து, “என்னை உட்டுட்டுத் தனியா ஒரு குரூப்பாமா? சங்கம் கிங்கம் ஆரம்பிக்கறீங்களா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று மதியமே கலைத்துவிட்டோம்.

வழி கண்டுபிடித்தது நானா தங்கமணியா என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது. டீ நேரத்தில் அவள் தன் போனைக் காட்டினாள். உறவுக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்கள் மேலிருந்து கீழ் வரை.

“பாருங்க மாஸ்டர், தெனமும் இத்தனை பூவு வருது. ஒண்ணுக்காச்சும் ஒரு பிரயோசனம் இருக்குதுங்களா?”

“இருக்குமுங்க” என்றேன்.

நான் தானாக வாயைத் திறந்ததே அவளுக்கு ஆச்சரியம். கையில் இருந்த டீயைப் பார்த்தேன். மீதி எல்லாம் தானாக வந்தது. பூப்படம் போட்டால் துணி வந்துவிட்டது, வேலைக்கு வாருங்கள். டீ கப் படம் போட்டால் துணி இல்லை, வீட்டிலேயே டீ குடியுங்கள். சாமி படத்தை மட்டும் இதில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். துணி வராத பாவம் சாமி தலையில் விழக் கூடாது.

தங்கமணி ஒவ்வொரு மெஷினாகப் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரையும்விட சீக்கிரம் புரிந்துகொண்டவர் சுனில். “ஃபூல் வந்தா காம். சாய் வந்தா ஆராம்” என்று, பூவுக்கு வேலை, டீக்கு ஓய்வு என்பதைத் தன் இந்தியில் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். படத்துக்கு மொழி கிடையாது. எழுத்துப் பிழையும் கிடையாது. என் மாதிரி ஆளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மூன்று வருடம் ஓடியது. தினமும் காலை ஆறரைக்கு நான் ஒரு படம் போடுவேன். என் போனில் நெட் தீர்ந்த நாளில் தங்கமணி போடுவாள். எல்லோரும் கும்பிடும் கையைப் பதிலாக அனுப்புவார்கள். முதலாளியும் அனுப்புவார். அவருக்கு என் மேல் மதிப்பே கூடிவிட்டது. “மாஸ்டரு வாய் தெறந்து பேச மாட்டாரு. ஆனா காலைல மொதோ வணக்கம் அவருதுதானுங்க” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. துணி இல்லாத நாளில் மட்டும் சரியாகப் பதினோரு மணிக்குப் பையிங் ஆபீஸ் மேடம் முதலாளிக்குப் போன் பண்ணி, “துணி எப்ப வருது சார்?” என்று கேட்பார். முதலாளி தலையைப் பிய்த்துக்கொள்வார். “நம்ம கம்பெனிக்குள்ள எவனோ அந்தம்மாவுக்கு ஆள் இருக்கறானுங்க மாஸ்டரு. யாருன்னு கண்டுபுடிங்க.” நானும் கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

இனி அந்த நாள். குழந்தைகள் போடும் இரவு உடை ஆர்டர். கடைசித் துணி முந்தின நாள்தான் வந்து, நான் வெட்டிக் கட்டுக் கட்டாக வைத்துவிட்டேன். காலையில் தைத்து, செக் பண்ணி, பெட்டி போட்டு, மதியம் இரண்டு மணிக்கு லாரியில் ஏற்ற வேண்டும். லாரி தூத்துக்குடி போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும். பிறகு விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவில் அந்த ஆர்டரின் லாபம் முழுதும் பறந்துவிடும்.

பல் விளக்கிக்கொண்டே ஒரு செம்பருத்திப் பூவைக் குரூப்பில் தட்டிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேலே என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

எட்டரை மணிக்கு லைனில் இருந்தது நான்கு பேர். அந்த நான்கு பேரும் பட்டன் போன்காரர்கள். குரூப்பில் இல்லாதவர்கள் மட்டும்தான் வேலைக்கு வந்திருந்தார்கள்.

அப்போதுதான் போனைத் திறந்தேன். என் செம்பருத்திக்கு மேலே ஒரு டீ கப். ஆவி பறக்கும் நீலக் கப், பக்கத்தில் ஒரு சிட்டுக்குருவி. அனுப்பியவர் முதலாளி. மூன்று வருடத்தில் அவர் குரூப்பில் படம் போட்டது அன்றுதான் முதல் முறை. கடைசி நாள், எல்லோரையும் உற்சாகப்படுத்தலாம் என்று போட்டிருக்கிறார்.

எங்கள் ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்று அந்த நிமிடம் புரிந்தது. எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று சொன்னோமே தவிர, யார் போட்டால் செல்லும் என்று யாருக்கும் சொல்லவில்லை. முதலாளியே டீ போட்ட பிறகு மாஸ்டர் பூவுக்கு என்ன மரியாதை?

அவசரமாக ஒரு ரோஜாவைப் போட்டேன். ஆறு பேர் கும்பிட்டார்கள். தாமரையைப் போட்டேன். “குட் மார்னிங் மாஸ்டர்” என்று ஒருவர். சூரியகாந்தி போட்டேன். தங்கமணி, “இன்னைக்கு என்னங்க மாஸ்டர், ஒரே குஷி?” என்று எழுதினாள். தனித்தனியாகப் போன் போட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது போன் போட்டபோது பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங் மாஸ்டரு! லைன்ல ஒரு ஆளைக் காணோம், நீங்க தோட்டம் வெச்சுட்டு இருக்கறீங்களா?”

அந்த நேரம் பார்த்து ரூம் பக்கமிருந்து சுனில் வந்தார். இடுப்பில் துண்டு, கையில் துவைத்த துணி வாளி. முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டார்.

“சுனிலு, வேலைக்கு வராம என்னய்யா பண்றே?”

“சாய் வந்துச்சு சேட்” என்றார் சுனில்.

“டீ வேணுமா? போ, போ, குடிச்சுட்டு வா.”

சுனில் என்னைப் பார்த்தார். சேட் வாயாலேயே டீ என்று சொல்லிவிட்ட பிறகு சந்தேகம் என்ன என்பது போல் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

முதலாளி என் டேபிள் மேல் ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் போட்டார். முகம் சிவந்திருந்தது.

“கடைசி நாளுன்னு தெரிஞ்சு வேணும்னே நின்னுட்டாங்க. இன்னைக்கு வராதவங்க ஒருத்தரும் நாளைக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. லிஸ்ட் எழுதுங்க.”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்ல வேண்டும். நான் எழுதினால் என் வேலை தப்பும். பூங்கொடியில் தொடங்கி இருபத்திரண்டு பேர் வேலை போகும். அவர்கள் செய்த தப்பு, நான் சொன்னதை நம்பியது. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லிவிட்டு, அவர் கோபம் தணிந்த பிறகு ஆளைக் கூப்பிடலாம் என்றால் லாரி காத்திருக்காது. யோசிக்க நேரமிருந்தால் நான் கண்டிப்பாகத் தப்பான முடிவுதான் எடுத்திருப்பேன். நேரமில்லை.

தாளில் ஒரே ஒரு பெயரை எழுதினேன். என் பெயர். என்னால் பிழையில்லாமல் எழுத முடிந்த பெயரும் அது ஒன்றுதான். அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்து முடிப்பதற்குள் போனை எடுத்து மைக்கை அழுத்தினேன். அவர் முன்னாலேயே பேசினேன்.

“வணக்கமுங்க. மாஸ்டர் பேசறனுங்க. காலைல வந்த டீ கப்பு நம்ம டீ கப்பு இல்லீங்க. மொதலாளி சும்மா போட்டதுங்க. அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதுங்க. துணி வெட்டி ரெடியா இருக்குது. லாரி ரெண்டு மணிக்கு. எல்லாரும் ஓடி வாங்க. தப்பு என்னுதுங்க.”

விரலை எடுத்தேன். போய்விட்டது.

முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் போனை எடுத்து அந்த நீலக் கப்பைப் பார்த்தார். நான் டீ, பூ, மூன்று வருடம் எல்லாவற்றையும் நான்கு வரியில் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

“அப்ப எனக்கு வணக்கம் வெச்சதில்லீங்களா அது?”

“உங்களுக்கும் சேத்துத்தானுங்க.”

“அதையெல்லாம் நான் எங்க சம்மந்திக்கு அனுப்பிட்டிருந்தனே மாஸ்டரு! தெனம் ஒண்ணு. அவரு அதுல ஒண்ணை எடுத்து இன்னைக்கு எனக்கே அனுப்புனாரு. நல்லா இருக்குதேன்னு நான் குரூப்புல போட்டேன்.”

அப்போதுதான் நானும் அந்தக் கப்பை உற்றுப் பார்த்தேன். நீலக் கப், சிட்டுக்குருவி. ஆடி மாதம் துணி வராத ஒரு நாளில் நான் போட்ட கப். முதலாளி வீடு, சம்மந்தி வீடு எல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

அவர் அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ, போன் அடித்தது. பையிங் ஆபீஸ் மேடம். குரூப்பில் இருப்பவர் அல்லவா, என் குரலை அவரும் கேட்டுவிட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், பதறாதீங்க. காலையில டீ கப்பைப் பாத்ததுமே இன்னிக்கு லைன் ஓடாதுன்னு நெனச்சேன். லாரியை ஆறு மணிக்கு மாத்திட்டேன்.”

“உங்களுக்கு எப்படி மேடம் டீ கப்பு...”

“மூணு வருஷமா பாக்கறேன் சார். டீ கப் வந்தா துணி வரலைன்னு அர்த்தம். அதனாலதானே அன்னிக்கெல்லாம் பதினோரு மணிக்குப் போன் பண்றேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் தேடச் சொன்ன ஆளை நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன், அது நானேதான். யாரிடமிருந்து மறைக்க இத்தனை பூவும் டீயும் போட்டோமோ, அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரே டிவிஎஸ் வண்டியில் மூன்று பேர். சுனில் ஈரச் சட்டையோடு. தங்கமணி எண்ணெய் தேய்த்த தலையோடு. கடைசியாகப் பூங்கொடி, பதினொன்றரைக்கு.

“மூலனூர்ல எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு இருந்தனுங்க. காங்கயத்துல எறங்கித் திரும்பி வரேன். சத்தமா வெச்சுட்டனுங்களா, பஸ்ஸு முழுக்க உங்க பேச்சைக் கேட்டுது. கண்டக்டர்கூட, யாரும்மா அந்த மாஸ்டரு, பாவம், போய்ச் சேருன்னு எறக்கி உட்டாரு. அண்ணன் பறிச்சு வெச்ச முருங்கைக்காயெல்லாம் போச்சுங்க!”

வேறு நாளாக இருந்தால் ஒரு பஸ் முழுக்க என் குரலைக் கேட்டது என்பதற்கே நான் ஒரு வாரம் லீவு போட்டிருப்பேன். அன்றைக்கு நேரமில்லை. மதியச் சோற்றை மெஷின் பக்கத்திலேயே சாப்பிட்டார்கள். முதலாளி தானே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினார். மோசமாகத்தான் வெட்டினார், தங்கமணி அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து மறுபடி வெட்டினாள். ஐந்தே முக்காலுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது.

லாரி போனதும் எல்லோரும் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர் கேட்ட லிஸ்ட் பற்றி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார்.

“வராதவங்களை நிறுத்தறேன்னு சொன்னேன். இந்த லிஸ்ட்ல ஒருத்தர் பேருதான் இருக்குது. அந்த ஆளு காலைல எட்டு மணிக்கே வந்துட்டாரு. அப்புறம் யாரை நிறுத்தறது?”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, அது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. குரூப்பில் படம் போடவும் தைரியம் வரவில்லை. தங்கமணிதான் இரண்டு நாளும் சாமி படம் போட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

இரண்டாம் நாள் சாயங்காலம், மறுநாள் துணி வராது என்று டையிங்கிலிருந்து சொன்னார்கள். முதலாளி பக்கத்தில்தான் இருந்தார், அவர் காதிலும் விழுந்தது. இரவெல்லாம் எனக்கு இதே யோசனை. பூங்கொடி காலையில் இரண்டு பஸ் மாறி வந்து ஃபேனை எண்ணுவார். படம் போடுவதா, வேண்டாமா? ஆறேகாலுக்குப் போனைக் கையில் எடுத்தேன். கையில் இருக்கும்போதே மணி அடித்தது.

முதலாளி போட்டிருந்தார். நீலக் கப், ஆவி, சிட்டுக்குருவி.

இருபத்துநான்கு கும்பிடு விழுந்தது. முதல் கும்பிடு பையிங் ஆபீஸ் மேடத்துடையது. பதினோரு மணிக்கு அவர் போன் பண்ணவில்லையாம்.

நான் வேலையை விட்ட பிறகும் முதலாளி என்னைக் குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மறக்கவில்லை என்று தங்கமணி சொல்கிறாள். அதனால் வீட்டில் இருந்தபடியே கம்பெனியில் துணி இருக்கிறதா இல்லையா என்று தினமும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குரூப்பில் எந்தப் படத்தையும் சும்மா போடாதீர்கள். உங்கள் சம்மந்தி அனுப்பியது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இதை எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்து, நீங்கள் வேலை நேரத்தில் படித்து முதலாளியிடம் திட்டு வாங்கக் கூடாது என்று தள்ளிப்போட்டேன். இன்று காலை டீ கப் வந்திருக்கிறது. இன்று லைன் ஓடாது, நீங்களும் சும்மாதான் இருப்பீர்கள். உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.

புரட்டாசி மாதம், மூன்றாம் வியாழக்கிழமை.